ஹெல்ம்பாக் கேமராவைப் பயன்படுத்திய ஒரே மனிதர்

மனித நாகரிகம் தழைத்த இடங்கள் என்று நைல் நதிக்கரையையும் சிந்துச் சமவெளியையும் சொல்வார்கள். அந்த வரிசையில் மூன்றாவதாக, விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு புரோட்டாக் கடையின் மாடியில் திறக்கப்பட்ட 'ஹெல்ம்பாக் அனுபவ நிலைய'த்தைச் சேர்த்தாக வேண்டும். பாடப் புத்தகங்களில் இன்னும் சேரவில்லையென்றால் அது வரலாற்று ஆசிரியர்களின் மெத்தனம்.

அதைக் 'கடை' என்று சொல்லக் கூடாது என்பது தலைமையகத்தின் முதல் சுற்றறிக்கை. கடையில் விற்பார்கள், வாங்குவார்கள். அனுபவ நிலையத்தில் அந்த மாதிரி அசம்பாவிதம் எதுவும் நடக்காது. ஐரோப்பாவில் நூற்றுப் பதினான்கு ஆண்டுகளாகக் கேமரா செய்துவரும் ஹெல்ம்பாக் நிறுவனத்தின் கேமரா ஒன்று அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் மெத்தையில் படுத்திருக்கும். அதன் விலைக்குத் திட்டக்குடிப் பக்கம் ஒரு பழைய டிராக்டர் வாங்கலாம். டிராக்டர் உழும் என்பது ஒன்றுதான் அதன் குறை.

நிலையத்தின் 'மாவட்ட அனுபவ இயக்குநர்' மதிவாணன். வயது நாற்பத்து நான்கு. அதற்கு முன் பதினெட்டு வருடம் பெண்ணாடம் கரும்பு விவசாயிகளுக்குத் தண்ணீர் மோட்டார் விற்றவர். மோட்டார் ஓடவில்லை என்றால் ஆட்கள் வீடு தேடி வந்து திட்டுவார்கள். ஹெல்ம்பாக்கில் அந்தத் தொல்லை இல்லை. வாங்க ஆள் இருந்தால்தானே திட்ட ஆள் வரும்? சித்திரை வெயிலில் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு அவர் படியேறும்போது புரோட்டா மாஸ்டர் மாவு வீசுவதை நிறுத்திவிட்டு வணக்கம் வைப்பார். மோட்டார் விற்ற காலத்தில் யாரும் வைத்ததில்லை.

இத்தனை ஊர் இருக்க விருத்தாசலம் ஏன் என்று கேட்கலாம். 'பீங்கான் நகரம்' என்று ஆய்வறிக்கையில் இருந்ததுதான் காரணம். நிறுவனம் பிறந்த தேசத்தில் பீங்கான் நகரம் என்றால் பிரபுக்களும் ரசிகர்களும் வாழும் ஊராம். இங்கே பீங்கானில் செய்வது பியூஸ் கட்டையும் பொம்மையும்தான் என்று அறிக்கை எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை. மதிவாணனுக்குத் தெரியும். அவர் மனைவி சிவசங்கரியே தொழிற்பேட்டையில் பதினோரு பெண்களை வைத்துப் பியூஸ் கட்டைப் பட்டறை நடத்துகிறார். "உங்கள் குடும்பத்துக்கும் பீங்கானுக்கும் தொடர்பு உண்டா?" என்று நேர்முகத் தேர்வில் கேட்டபோது, "பீங்கான்தான் சார் எங்களுக்குச் சோறு போடுகிறது" என்றார். தேர்வுக் குழுவினர் எழுந்து நின்று கைகுலுக்கினார்கள்.

திங்கள்தோறும் பதினோரு மணிக்கு இணையவழி ஆய்வுக் கூட்டம். சென்னைத் தலைமையகத்திலிருந்து 'தலைமை மரபுக் காவலர்' குருமூர்த்தி பேசுவார். பதவியின் பெயரே அதுதான்.

"இந்த வாரம் எத்தனை பேர் அனுபவித்தார்கள் மதிவாணன்?"

"முப்பத்தோரு பேர் சார்."

"அற்புதம். அவர்களுடைய உணர்வுகள்?"

"ரெண்டு பேர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்டாங்க. ஒருத்தர் ஆதார் கார்டுல போன் நம்பர் மாத்தணும்னாரு. மத்தவங்க கீழ பார்சல் ரெடியாவுற வரைக்கும் ஏசியில உக்காந்திருந்தாங்க சார்."

"காத்திருத்தல்! அதுதான் ஹெல்ம்பாக்கின் ஆன்மா" என்று குருமூர்த்தி குறித்துக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து ஒரு கூட்டத்தில் மதிவாணனுக்கு என்ன தைரியம் வந்ததோ, "சார், எல்லாரும் போன்லயே எடுத்துக்கிறாங்க. நம்ம கேமராலேருந்து படத்த உடனே வாட்ஸப்ல அனுப்ப முடியுமான்னு கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டார்.

திரையில் பதினான்கு கட்டங்களில் இருந்த பதினான்கு முகங்களும் தலை கவிழ்ந்தன. குருமூர்த்திதான் முதலில் தேறினார். "நம் போட்டியாளர்கள் படத்தை உடனே காட்டுகிறார்கள். அது அவர்களுடைய பலவீனம். நாம் காட்டாமல் இருப்போம்" என்றார். மறு மாதமே புதிய கேமரா வந்தது. அதன் பின்பக்கத் திரை நீக்கப்பட்டிருந்தது. வீடியோ நீக்கப்பட்டிருந்தது. விலை மட்டும் நீக்கப்படாமல் ஒன்றரை மடங்காகியிருந்தது. 'விற்பனை மந்தத்துக்குக் காரணம் விலை போதாமையே' என்று ஆய்வுக் குழு கண்டுபிடித்திருந்தது. கூடவே ஒரு புதுமை: ஷட்டர் பட்டன் அசல் ஐரோப்பியப் பீங்கானால் ஆனது.

அன்று இரவு சாப்பாட்டின்போது சிவசங்கரி கேட்டார். "ஏங்க, இப்பல்லாம் எல்லாரும் வூட்டுக்கு வூடு டிரிப் சுவிட்ச் மாட்டிட்டாங்க. எங்க பியூஸ் கட்டை விக்கல. நான் என்னா பண்ணன்? இஸ்திரிப் பெட்டிக்குள்ள கரண்டு கம்பியில கோக்குற பீங்கான் மணி போட ஆரம்பிச்சன். உங்க கம்பெனி என்னா பண்ணுது?"

"மரபக் காப்பாத்துது."

"அது ஒரு கிலோ என்னா வெல போவுது?"

மதிவாணன் மோரை ஊற்றிக்கொண்டார். சிறு தொழில்காரர்களுக்குப் பெரிய தத்துவங்கள் எட்டாது என்பதில் அவருக்கு வருத்தம் உண்டு.

இந்த நிலையில்தான் மங்கலம்பேட்டையிலிருந்து கியாசுதீன் வந்தார். கல்யாணப் போட்டோகிராபர். ஏசிக்காக வரவில்லை, ஆதாருக்காகவும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றார்.

"தொட்டுப் பாக்கலாங்களா சார்?"

தொடலாமா என்று சுற்றறிக்கையில் இல்லை. மதிவாணன் யோசித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். கியாசுதீன் கேமராவை எடுத்து, லென்ஸைத் திருப்பி, "அங்கயே நில்லுங்க சார், கோட்டக் கழட்டிடுங்க" என்றார். இயக்குநர் கோட்டைக் கழற்றினார். ஒரே ஒரு கிளிக்.

படத்தை நிலையத்தின் கணினியில் போட்டுப் பார்த்தபோது மதிவாணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் வெளிச்சம் பாதி முகத்தில். பதினெட்டு வருடம் மோட்டார் சைக்கிளில் வெயிலில் திரிந்த கறுப்பு, கண்ணோரச் சுருக்கம், எதையோ விற்கப்போகிறவனின் சிறு பயம் எல்லாம் அதில் இருந்தன. தன் முகம் இப்படியிருக்கும் என்று எந்தப் போனும் அவருக்குச் சொன்னதில்லை. தான் விற்கும் பொருள் உண்மையிலேயே நல்ல பொருள் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அது பயிற்சிக் கையேட்டில் இல்லாத தகவல்.

"எனக்கு இது வேணும் சார்" என்றார் கியாசுதீன். "கல்யாணத்துக்கு வர்ற ஐநூறு பேரு கையிலயும் போன் இருக்குது. மாப்ள மேடையில உக்காருறதுக்குள்ள படம் துபாய்க்குப் போயிடுது. அப்பறம் என்னை எதுக்குக் கூப்புடுவாங்க? போன்ல வராத படம் எங்கிட்ட இருந்தாதான் கூப்புடுவாங்க."

டிஜிட்டல் சந்தையில் உயர்தரக் கேமராவின் இடம் என்ன என்பது குறித்து ஹெல்ம்பாக் நிறுவனம் நான்கு கண்டங்களில் ஆய்வு நடத்தி எழுநூறு பக்கத்தில் எழுதியதைக் கியாசுதீன் இப்படி மூன்று வரியில் கெடுத்துவிட்டார்.

"வாங்குங்க பாய்" என்றார் மதிவாணன். "எது ஆனாலும் கம்பெனி பாத்துக்கும். நான் இருக்கேன்."

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் கியாசுதீனின் தம்பி சஹீர் உதவினார். கியாசுதீன் தன் பழைய கேமராக்கள் இரண்டையும் விற்றார். ஹெல்ம்பாக் மங்கலம்பேட்டைக்குப் போனது. சென்னையில் கேக் வெட்டினார்கள். 'விருத்தாசல எழுச்சி' என்று சுற்றறிக்கை வந்தது.

மூன்று மாதத்தில் கியாசுதீனின் பெயர் பரவியது. அவர் எடுத்த மணப்பெண் படங்களைப் பார்த்துவிட்டு உளுந்தூர்பேட்டையிலிருந்தெல்லாம் தேதி கேட்டார்கள். வளைகுடாவிலிருந்து வரும் மாப்பிள்ளைகள் கியாசுதீன் பாய் எந்தத் தேதியில் சும்மா இருக்கிறார் என்று பார்த்து நிக்காஹ் வைத்தார்கள். இந்தச் செய்தியை மதிவாணன் பெருமையாகத் தலைமையகத்துக்கு எழுதப்போக, குருமூர்த்தியே நேரில் புறப்பட்டு வந்தார். வாடிக்கையாளர் தன் ஹெல்ம்பாக்கை எந்த அலமாரியில் எப்படிப் பூட்டி வைத்திருக்கிறார் என்று ஒரு விளம்பரப் படம் எடுப்பதாகத் திட்டம்.

மங்கலம்பேட்டையில் அன்று ஒரு வலீமா, நிக்காஹுக்குப் பிந்திய விருந்து. மண்டபத்தில் பிரியாணிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. கியாசுதீன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து சலாம் சொன்னார்.

"தங்கள் ஹெல்ம்பாக் எங்கே?"

"இதோ தோள்ல கெடக்குது சார்."

குருமூர்த்தி கேமராவைப் பார்த்தார். வார்ப்பட்டையில் அத்தர் மணந்தது. ஒரு மூலையில் நெய் விரல் பதிந்திருந்தது. அவர் முகம் வெளுத்தது. மதிவாணனைத் தனியே இழுத்து, "மிஸ்டர் மதிவாணன், இவர் இதை... பயன்படுத்தியிருக்கிறார்" என்றார்.

"ஆமா சார். இருபத்தி மூணு கல்யாணம்."

"இருபத்து மூன்று!" ஹெல்ம்பாக் கேமராவை வாங்குகிறவர்கள் அதைப் பெட்டியிலிருந்து எடுப்பதில்லை என்பதும், எடுக்காதவரைதான் அதற்கு மதிப்பு என்பதும் அப்போதுதான் மதிவாணனுக்கு விளக்கப்பட்டது. விளக்கிக்கொண்டே குருமூர்த்தி, சேதத்தை மதிப்பிடுவதற்காகக் கேமராவை நெய் படாமல் இரண்டே விரலில் வாங்கினார். அது கீழே விழுந்தது.

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐரோப்பியப் பீங்கான் பட்டன் மட்டும் இரண்டாக உடைந்தது.

விசாரணைக் குழு பதினைந்து நாளில் அறிக்கை தந்தது. 'பொருள் பயன்பாட்டில் இருந்ததால் ஏற்பட்ட சேதம்.' உத்தரவாதம் செல்லாது. பழுது பார்க்கக் கேமராவைத் தாய்த் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும், பதினோரு மாதம் ஆகும். அதற்குமுன் வாடிக்கையாளர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதன் நான்காவது கேள்வி: 'தாங்கள் படம் எடுக்க நேர்ந்த சூழ்நிலையை விளக்குக.'

கியாசுதீன் படிவத்தை வைத்துக்கொண்டு அனுபவ நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். "இந்த மாசம் ஒம்போது கல்யாணம் ஒத்துக்கிட்டு இருக்கேன் சார். கையில வேற கேமரா இல்ல. நீங்க இருக்கேன்னு சொன்னீங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மதிவாணனுக்கு அன்று சாப்பாடு இறங்கியிருக்கும்.

உடைந்த பட்டனைச் சிவசங்கரி உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இதுக்கா இவ்ளோ நேரமா மூஞ்சிய தூக்கி வச்சிருக்கீங்க? எங்க கொளஞ்சியம்மா ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் மணி போடுது. இது மணிதாங்க. நடுவுல ஓட்ட இல்ல, அவ்ளோதான்."

"இது ஐரோப்பியப் பீங்கான்."

"களிமண்ணுக்கு பாஸ்போர்ட் கெடயாதுங்க. சூளையில சுருங்கும், அதனால கொஞ்சம் பெருசா போடணும்."

பட்டறையில் மூத்த கைக்காரியான கொளஞ்சியம்மாள் ஆறு பட்டன் போட்டார். நான்காவது நாள் சூளை பிரித்தார்கள். மூன்றாவது பட்டன் சிக்கென்று உட்கார்ந்தது. கியாசுதீன் அழுத்திப் பார்த்துவிட்டு, பழையதைவிட இது விரலில் வழுக்காமல் நிற்கிறது என்றார். ஒன்பது கல்யாணமும் நடந்தது.

மதிவாணன் யோக்கியர். திங்கள் கூட்டத்தில் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார். வேலை போகும் என்று எதிர்பார்த்தார். குருமூர்த்தியோ கண் கலங்கி, "கைவினை! சூளை! நெருப்பு! மீதி ஐந்து பட்டன்களையும் கூரியரில் அனுப்புங்கள்" என்றார்.

பிறகு நடந்தது நிர்வாகவியல் மாணவர்கள் படிக்க வேண்டியது. நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடியது. கேமரா விற்கவில்லை. பட்டன் அழகாக இருக்கிறது. எனில் பிரச்சினை எங்கே? கேமராவில்தான். அதை நீக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பின்பக்கம் பசை தடவிய 'ஹெல்ம்பாக் பட்டன்', சந்தனப் பெட்டியில், எண்ணிட்ட சான்றிதழோடு வெளிவந்தது. போனின் முதுகில் ஒட்டிக்கொள்ள வேண்டும். முதல் வாரத்தில் எண்பதாயிரம் பட்டன் விற்றது.

சிவசங்கரியின் பட்டறைக்கு ஆர்டர் குவிந்தது. ஆட்கள் நாற்பதானார்கள். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"இத ஒட்டிக்கிட்டு அமுக்குனா என்னாங்க ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது."

"அப்ப எதுக்கு வாங்குறாங்க?"

"ஒரு கௌரவம். நம்ம போனுலயும் ஹெல்ம்பாக் இருக்குதுன்னு."

சிவசங்கரி கொஞ்ச நேரம் யோசித்தார். "படம் எடுக்குற கம்பெனின்னு நெனச்சன். படம் காட்டுற கம்பெனியா?" என்றவர், சூளைக்கு அடுத்த அடுக்கு ஏற்றச் சொல்லிவிட்டு வந்தார். நாற்பது பேருக்குச் சம்பளம் போட வேண்டியவர்களுக்கு அதற்கு மேல் யோசிக்க நேரம் கிடைப்பதில்லை.

தை மாதம் கேமராப் பிரிவு மூடப்பட்டது. ஐரோப்பாவில் லென்ஸ் இழைத்த முந்நூறு பேர் வீட்டுக்குப் போனார்கள். கூடவே பேட்டரி தயாரிப்பும் நின்றது. ஹெல்ம்பாக் கேமராவில் ஹெல்ம்பாக் பேட்டரி மட்டும்தான் வேலை செய்யும் என்பது அதன் நூற்றாண்டுத் தனித்தன்மைகளில் ஒன்று. கியாசுதீனிடம் இருந்தது ஒரே பேட்டரி. அதுவும் அரை நாள்தான் தாங்கியது. மண்டபத்தில் நிக்காஹ் ஓதும்போது ஒரு முறை அணைந்தே போனது. பெண்வீட்டார் போனில் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில் தலைமையகத்துக்கு ஒரு விளம்பரப் படம் தேவைப்பட்டது. பட்டன் பிறந்த கதை, சூளை, உழைக்கும் பெண்ணின் முகம். சென்னையிலிருந்து பட்டன் ஒட்டிய போன்களோடு ஆறு பேர் வந்து இரண்டு நாள் எடுத்தார்கள். விளம்பரப் பலகை அளவுக்குப் பெரிதாக்கினால் கொளஞ்சியம்மாளின் மூக்கு கரைந்து ஓடியது.

குருமூர்த்தி போன் செய்தார். "அந்த மங்கலம்பேட்டைக்காரர்... இன்னமும் பயன்படுத்துகிறாரா?"

மதிவாணன் மங்கலம்பேட்டைக்குப் போனார். "பாய், ஒரே ஒரு படம். அதுக்குப் பதிலா கிடங்குல இருக்குற பேட்டரி ரெண்டு வாங்கித் தரேன். எழுதியே கேட்டிருக்கேன்."

"நீங்க சொன்னா சரி சார்" என்றார் கியாசுதீன்.

சூளை வாசலில் கொளஞ்சியம்மாளை நிற்க வைத்தார். பேட்டரியில் ஒரு கோடுதான் மிச்சம். அரை மணி நேரம் எடுக்கவே இல்லை. பேசிக்கொண்டிருந்தார். மகள் வீடு, முட்டி வலி, மணி போட்டுப் போட்டு ரேகை தேய்ந்து ரேஷன் கடையில் கைநாட்டு விழாமல் போனது. கொளஞ்சியம்மாள் அதைச் சொல்லிச் சிரித்தபோது ஒரு கிளிக். முகமெல்லாம் வெள்ளைப் பொடி, அதற்குள் அந்தச் சிரிப்பு, உயர்த்திக் காட்டிய வழுவழுத்த விரல் நுனி. கேமரா அணைந்தது.

பேட்டரி வரவில்லை. 'கோரப்பட்ட பொருள், தற்போது இல்லாத ஒரு பிரிவுக்குச் சொந்தமானது. இல்லாத பிரிவிடமிருந்து பொருள் பெற விதி இல்லை' என்று பதில் வந்தது. மதிவாணன் மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் அதே பதில், வேறு வேறு தேதியில்.

நான்காவதாக வந்தது வேறு கடிதம். அவர் 'தென்மண்டல அனுபவ இயக்குநர்' ஆக உயர்த்தப்பட்டிருந்தார். முதல் பணியாக, அந்தப் படத்துக்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுத வேண்டும். என்ன எழுத வேண்டும் என்பதைக் குருமூர்த்தி போனில் சொன்னார்.

"சார், அது அப்படி எடுக்கல சார்."

"மதிவாணன், வரியில் சந்தம் முக்கியம்."

அன்று அவர் அனுபவ நிலையத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை ராஜினாமா எழுதினார். மோட்டார் கம்பெனிக்காரர் இப்போது வேலை தருவாரா என்று நினைத்துப் பார்த்தார். சிவசங்கரியின் நாற்பது பேரும் நினைவுக்கு வந்தார்கள். ஒரு நியாயம் தேடியபோது நல்லவேளையாக அவர்கள் அகப்பட்டார்கள். பிறகு ராஜினாமாவைக் கிழித்துவிட்டு அந்த வரியை எழுதினார். சந்தம் நன்றாகவே வந்தது.

விருத்தாசலம் பாலக்கரையில் நாற்பதடி உயரத்துக்குப் பலகை எழும்பியது. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கொளஞ்சியம்மாள் தன் பேரனைக் கூட்டி வந்து காட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடிந்து கியாசுதீனும் பலகைக்கு எதிரே வண்டியை நிறுத்தினார். டீக்கடையிலிருந்து வெளியே வந்த மதிவாணன் அவரைப் பார்த்துவிட்டார். ஒதுங்க வழியில்லை.

"நல்லா வந்திருக்குதுல்ல சார்?"

"ஆமா பாய்."

"கீழ என்னாமோ எழுதியிருக்கு. வெயிலு கூசுது. கொஞ்சம் படிங்களேன்."

மதிவாணன் அண்ணாந்து பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ரோட்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி, தன் வரியைத் தானே படித்தார்.

"'இந்தப் படம், ஹெல்ம்பாக் பட்டன் ஒட்டிய சாதாரணப் போனில் எடுத்தது.'"

கியாசுதீன் தலையாட்டினார். வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"யாரு சார் எழுதுனது?"

"நான்தான் பாய்."

"தமிழ் நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நூற்றுப் பதினான்கு ஆண்டுகளில் உலகத்தின் எந்தப் போட்டி நிறுவனத்துக்கும் ஹெல்ம்பாக் கேமராவில் எடுத்த படத்தைத் திருடித் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் துணிச்சல் வந்ததில்லை. ஹெல்ம்பாக் நிறுவனத்துக்குத்தான் வந்தது.